ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

தேவகிருபைக்குக் கணக்கு என்றால் உயிர். அதிலும் ஓர் அளவை இன்னோர் அளவாக மாற்றுகிற கணக்கென்றால் சாப்பாடு கூட வேண்டாம். முழத்தைக் கஜமாக்குவாள், படியை மரக்காலாக்குவாள், வீசையைப் பவுண்டாக்குவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளிடம் படித்த பிள்ளைகள் கடைத்தெருவில் யாரிடமும் ஏமாந்ததில்லை என்று பெற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவள் ஒன்றும் கேளாதவள் போல் நடப்பாள். ஆனால் நடையில் கொஞ்சம் துள்ளல் வந்துவிடும்.

வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தையொட்டிய வீட்டில் இருப்பாள். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் இராஜபாளையம் வந்து இறங்கி, அய்யனார் கோவில் பாதையில் நடந்து, இருட்டிய பிறகு பிறந்த வீடு சேருவாள். ஞாயிறு காலை கிறிஸ்தவக் கோவிலில் ஆராதனை, மத்தியானம் தம்பி வீட்டுச் சாப்பாடு, சாயங்காலம் திரும்பவும் பஸ். பெற்றோர் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு அமையவில்லை. தம்பி ஞானராஜும் அவன் தோட்டமும்தான் அவளுக்கு ஊர்.

அந்தத் தோட்டத்துக் கிணறு ஞானராஜுக்கு மட்டும் சொந்தமில்லை. பாதி அவனுடையது, பாதி பக்கத்துத் தோட்டத்து வேலுசாமியுடையது. இருவருடைய பாட்டன்மாரும் சேர்ந்து வெட்டிய கிணறு. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை கரைக்கு ஒன்று; கிழக்குக் கரையில் வேலுசாமியுடையது, மேற்குக் கரையில் ஞானராஜுடையது. இரண்டு ஜோடி மாடுகளும் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஒரே நேரத்தில் இறங்கி ஏறும். பெரிய இரும்பு வாளிகளான சால்கள் இரண்டும் நிறைந்து வந்து வாய்க்காலில் கொட்டும். தண்ணீர் போதும் போதாது என்பதில் அவர்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது. வரவும் வழியில்லை. தண்ணீர் கீழே போய்விட்டால் இரண்டு சாலும் ஒன்றாகத்தான் தரைதட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் பங்குனியில் ஞானராஜ் மதுரைக்குப் போய் ஓர் ஆயில் எஞ்சினும் பம்பும் வாங்கி வந்தான். சீமைச் சரக்கு. வண்டியில் அது வந்து இறங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. வேலுசாமி மட்டும் அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு, தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏலே ஞானம், இது எம்புட்டுத் தண்ணி இழுக்கும்?"

"நிமிசத்துக்கு இருநூறு கேலன் அண்ணாச்சி. பம்புலயே எழுதியிருக்கு."

"அத வச்சு நான் என்னத்தக் கண்டேன்? எஞ் சாலுக்கு இது எத்தன சாலு?"

ஞானராஜுக்கும் அது தெரியாது. ஆனால் வீட்டில் கணக்கு டீச்சர் இருக்கும்போது தெரியாமல் போக நியாயமில்லை. "ஞாயித்துக்கெழம அக்கா வருது. அது சொல்றதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்" என்றான். வேலுசாமியும், அவர் மனைவி கருத்தம்மாளும் அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டார்கள். கிருபைக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவகிருபை வேதப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்கு வந்தாள். ஓய்வுநாளில் கணக்குப் போடுவது வேலையில் சேருமா என்று அவள் சபைப் பாதிரி ஐயரிடம் கேட்கவில்லை. கேட்டு, அவர் சேரும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஞாயிறு என்பதால் ஞானராஜின் மாடுகள் தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் அப்பா காலத்திலிருந்தே அன்றைக்குக் கமலை பூட்டுவதில்லை. வேலுசாமிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் வழக்கம்போல் இறைத்துக்கொண்டிருந்தார். தேவகிருபை அவரை நிறுத்தச் சொல்லி, சாலை அவிழ்த்துக் கரையில் வைத்து, அதன் அடியில் தண்ணீர் கொட்டுகிற தோல்வாலை மடக்கிக் கட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தால் தண்ணீர் ஊற்றி நிரப்பினாள். பத்துத் தகரம் பிடித்தது. தகரத்துக்கு நாலு கேலன், ஆகவே சாலுக்கு நாற்பது கேலன். பிறகு மாட்டைப் பூட்டச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிஷத்துக்கு ஒரு சால் ஏறி வந்தது. நிறைந்து, தளும்பி வந்தது.

"அண்ணாச்சி, உங்க கமல நிமிசத்துக்கு நாப்பது கேலன். எஞ்சின் எரநூறு. அஞ்சு மடங்கு. காலையில அஞ்சு மணி நேரம் எறைப்பீக இல்லியா?"

"எறைப்போம்."

"சாயங்காலம்?"

"அதுவும் அம்புட்டுதான், நெலா வெளிச்சம் இருந்தா."

"அப்ப தம்பி காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் எஞ்சின் ஓட்டலாம். அதுக்கு மேல ஒரு நிமிசம் ஓட்டக் கூடாது. நீங்க எப்பவும் போல எறைங்க. ரெண்டும் சமம்."

கருத்தம்மாள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முழுக்க மாடு இழுப்பதை இரண்டே மணி நேரத்தில் ஒரு இரும்பு இழுத்துவிடும் என்பது அவளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வேலுசாமி கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்துவிட்டு, "டீச்சர் சொன்னா சரி" என்று தலையாட்டினார். தேவகிருபை அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மிகவும் சந்தோஷமாக இருந்தாள். ஒரு சண்டை பிறப்பதற்கு முன்பே அதைத் தீர்த்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஞானராஜ் சொன்ன சொல் தவறாதவன். கடிகாரத்தைத் திண்டில் வைத்துக்கொண்டு, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினான். ஒரு நிமிஷம் கூடுதலாக ஓட்டவில்லை. தண்ணீர் வாய்க்கால் கொள்ளாமல் பாய்ந்ததைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. காலம் காலமாக மிளகாயும் கேழ்வரகும் போட்ட நிலத்தில் வாழை வைத்தான். மாட்டை விற்று எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கினான்.

கோடை விடுமுறையிலும் தேவகிருபை பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு எடுத்தாள்; ஞாயிறு மட்டும்தான் வந்தாள். வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கருத்தம்மாள் தேவகிருபையைத் தேடி வந்தாள். வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்று முந்தானையைத் திருகினாள்.

"கிருபைக்கா, கெணறு முன்ன மாதிரி ஊற மாட்டேங்குது. கத்தரியெல்லாம் வாடுது."

"வெயில் காலம்லா கருத்தம்மா."

"வெயிலு வருசா வருசம் அடிக்கத்தான செய்யி. சாலு தரை தட்டுதுக்கா."

தேவகிருபை அவளைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். எட்டிப் பார்த்தாள். தண்ணீர் நன்றாகவே கிடந்தது. வேலுசாமியின் சால் அந்த நேரத்தில் நிறைந்துதான் ஏறி வந்தது.

"இந்தா கெடக்கே?"

கருத்தம்மாளுக்கு முகம் தொங்கிப் போயிற்று. "இன்னைக்குக் கெடக்கு. நாளைக்கு வந்து பாருங்கக்கா."

"நாளைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கே" என்றாள் தேவகிருபை. கருத்தம்மாள் வற்புறுத்தாமல் பாத்திக்குத் திரும்பினாள். மரியாதை தெரிந்தவள். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் தேவகிருபை தானாகவே போய்க் கிணற்றைப் பார்த்தாள். இரண்டு தரமும் தண்ணீர் இருந்தது. கருத்தம்மாளுக்கு எஞ்சின் மேல் ஒரு பொறாமை இருக்கத்தான் செய்யும், பாவம், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நல்லவர்கள்தான் இப்படியெல்லாம் நினைப்பார்கள். அடுத்தவரைப் பொய்யர் என்று சொல்ல மனசு வராது, ஆனால் தன் கணக்கைச் சந்தேகிக்கவும் மனசு வராது.

ஆடி மாதம் வந்தது. ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகள் வரமாட்டார்கள், மிஷன் பள்ளிக்கூடமானாலும் சரி. பெரிய டீச்சர் விடுமுறை விட்டுவிட்டார். நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருக்க, தேவகிருபை மட்டும் எதிர்த்திசையில் காலிப் பஸ்ஸில் ஏறி இராஜபாளையம் வந்தாள். அது ஞாயிறு இல்லாத ஒரு கிழமை நாள். எஞ்சின் வந்த பிறகு கிழமை நாளில் அவள் தோட்டத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை.

வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள். பாதையிலேயே எஞ்சினின் சத்தம் கேட்டது. அவள் கிட்டப் போகும்போது அது நின்றது. தம்பி மண்வெட்டியோடு வாழைக்குள் போய்விட்டிருந்தான். கிழக்குக் கரையில் மாடுகள் பூட்டியபடி நின்றன. வேலுசாமி கமலைக் கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ போலிருந்தது. காலை வேளையில் அந்த மனுஷர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"என்ன அண்ணாச்சி, எறைக்கலியா?"

அவர் கிணற்றைக் காட்டினார்.

தேவகிருபை எட்டிப் பார்த்தாள். அடியில் பாறை தெரிந்தது. பம்புக் குழாயின் வாய் ஈரமாய்த் தொங்கியது. பாறை இடுக்கிலிருந்து ஊற்று கசிந்து, நடுவில் ஒரு குட்டையாய் நின்றது. அதில் சாலை இறக்கினால் சேறுதான் வரும்.

"தெனமும் இப்படித்தானா?"

"ஞாயித்துக்கெழம எஞ்சின் ஓடாது. அன்னைக்கு மட்டும் நல்லாக் கெடக்கும்" என்றார் வேலுசாமி. குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். "மத்த நாள்ல மத்தியானத்துக்கு மேல செத்த நேரம் எறைப்போம். பாதிச் சாலு வரும். பொறவு சாயங்காலம் எஞ்சின் ஓடும். நாளைக்கு மாட்டுத் தரகன் வாரான். குடுத்துட்டு நான் மில்லுல சேந்துருதேன். மாடு போயிட்டா கமல எதுக்கு? எம் பங்குக் கெணத்தயும் ஞானமே வச்சுக்கிடட்டும்."

கத்தரிப் பாத்திகளுக்கு நடுவில் கருத்தம்மாள் குனிந்து நின்றாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து செடி செடியாய் ஊற்றிக்கொண்டிருந்தாள். தேவகிருபையைப் பார்த்தும் அவள் நிமிரவில்லை. வைகாசியில் வாசற்படியில் வந்து நின்று சொன்னவள், இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாள் போலும்.

தேவகிருபை செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றுப் படியில் இறங்கினாள். பையில் பள்ளிக்கூடத்து அடிக்கோல் இருந்தது. தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த கல்லில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். அங்கேயே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது ஐந்து அங்குலம் ஊறியிருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். அப்போதும் ஐந்து அங்குலம்தான்.

கிணறு இருபதடிக்கு இருபதடி. ஒரு கன அடிக்கு ஆறேகால் கேலன். மனசுக்குள்ளேயே பெருக்கினாள். ஒரு மணி நேரத்தில் ஊறுவது ஆயிரம் கேலன், கொஞ்சம் முன்னே பின்னே. எஞ்சின் அதை ஐந்தே நிமிஷத்தில் குடித்துவிடும். இரவும் பகலுமாக ஒரு நாள் முழுக்க ஊறுவதைக் குடிக்க அதற்கு இரண்டு மணி நேரம் போதும்.

இரண்டு மணி நேரம். அவள் தம்பிக்குக் கொடுத்தது அதேதான். பாதிப் பங்கு என்று சொல்லி முழுக் கிணற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

எங்கே தப்பினோம் என்பதும் உடனே விளங்கிவிட்டது. அன்றைக்கு அவள் அளந்தது ஞாயிற்றுக்கிழமைக் கமலையை. எதிர்க்கரையில் தம்பியின் மாடுகள் இல்லை. கிணறு நிறைந்து கிடந்தது. சால் தளும்பி வந்தது. மற்ற ஆறு நாளும் இரண்டு கமலையும் சேர்ந்து இறைக்கும்போது தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். சால் முக்காலாய், அரையாய் வரும். மாடு நின்று நின்று இழுக்கும். ஐந்து மணி நேரம் கரையில் நின்றாலும் இரண்டரை மணி நேரத்துத் தண்ணீர்தான் கிடைத்திருக்கும். ஓய்வுநாளை அளந்து ஆறு நாளுக்கும் விதி எழுதியிருக்கிறாள். பிறகு ஓய்வுநாளில் மட்டுமே வந்து பார்த்து, எல்லாம் சரியாய் இருக்கிறது என்று மெச்சிக்கொண்டும் இருந்திருக்கிறாள். கேலனும் கன அடியும் நிமிஷமும் ஒன்றுகூடத் தப்பவில்லை. பகிர வேண்டியது சாலும் இல்லை, எஞ்சினும் இல்லை, இந்தப் பாறைக்குள்ளிருந்து கசிகிற ஊற்று என்பது அவளுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. படியில் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் ஞானராஜ் சாப்பிட வந்தபோது, அவள் கிணற்றடியிலேயே அவனை மறித்தாள். வேலுசாமியையும் கருத்தம்மாளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தன் கணக்குத் தப்பு, தம்பியின் பங்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான், காலையில் அரை, மாலையில் அரை. மீதி ஊறுவது அண்ணாச்சிக்கு.

ஞானராஜ் முதலில் சிரித்தான். அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அளந்தது யாரு? நீ. சொன்னது யாரு? நீ. அண்ணாச்சி தலையாட்டினாரா இல்லியா? நான் ஒரு நிமிசமாவது கூட ஓட்டுனேனா?"

"இல்லடா. தப்பு என்னோடதுதான்."

"உன்னோட தப்புன்னா நீ உஞ் சிலேட்டுல அழிச்சுக்கோ. எந் தோட்டத்துல அழிக்க முடியாது. ரெண்டு மணி நேரத்த நம்பித்தான் வாழை வச்சேன். மாட்டையும் வித்தாச்சு. இப்ப வந்து பாதிய நிறுத்துன்னா, வாழை உன் கணக்கக் கேட்டுக்கிட்டுப் பாதி தண்ணி குடிக்குமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது. பேராசைக்காரனோடு சண்டை போடுவது லேசு. தன் வார்த்தையை நம்பி வாழை வைத்தவனோடு எப்படிப் போடுவது?

"விடுங்க டீச்சர்" என்றார் வேலுசாமி. "நாளைக்குத் தரகன் வாரான். எல்லாம் முடிஞ்சு போச்சு."

"முடியல அண்ணாச்சி. ஏலே ஞானம், நான் சொல்றத..."

"என்னத்தக் கேக்கச் சொல்ற?" ஞானராஜுக்குக் குரல் ஏறிவிட்டது. "இது அப்பா கெணறு. ஒங்க பள்ளிக்கூடத்துக் கெணறு இல்ல. ஞாயித்துக்கெழம வந்து தின்னுட்டுப் போற ஒனக்கு இதுல என்ன இருக்கு?"

சொன்ன பிறகு அவனுக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கருத்தம்மாள், "ஐயோ, வேண்டாம் தம்பி" என்று முனகினாள்.

அவளுக்கு அதில் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். கிறிஸ்தவர்களின் சொத்துச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. அப்பா உயில் எழுதவில்லை. அந்தச் சட்டம் ஊரில் எல்லாக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் தெரிந்ததுதான். கேட்ட பெண் என்று ஒருத்தியும் இல்லை. கேட்டால் பிறந்த வீட்டு நடை அன்றோடு நின்றுபோகும். மற்றப் பெண்களுக்காவது புகுந்த வீடு என்று ஒன்று உண்டு. அவளுக்கு இந்த ஒரு வாசல்தான். இதை விட்டால், சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் போய் இறங்க அவளுக்கு உலகத்தில் வேறு இடமில்லை.

அவள் கருத்தம்மாளின் குடத்தைப் பார்த்தாள். வாயில் ஈரத் துணி கட்டிய பழைய குடம். சேறு வடிகட்டுவதற்காகக் கட்டியிருந்தாள்.

"சரி ஞானம்" என்றாள். "உங் கணக்கே சரின்னு வச்சுக்கிடுவோம். அப்பா பங்கு ரெண்டு மணி நேரம். அப்பாவுக்கு நீ ஒரு பிள்ள, நான் ஒரு பிள்ள. ஒரு மணி நேரம் ஒனக்கு. ஒரு மணி நேரம் எனக்கு."

ஞானராஜ் அவளையே வெறித்துப் பார்த்தான். "பங்கு கேக்கியா?"

"கேக்கேன்."

"நெலத்தையுமா?"

"நெலம் வேண்டாம். வீடு வேண்டாம். கெணத்துத் தண்ணி மட்டும்."

"அந்தத் தண்ணிய வச்சு நீ என்ன செய்வ? ஊத்த ஒனக்கு ஒரு செடி இருக்கா?"

"எறைக்கப் போறதில்ல. எம் பங்கு கெணத்துலயே கெடக்கட்டும்."

"கெடந்தா அண்ணாச்சில்ல எறைச்சுக்கிடுவாரு!"

"எறைக்கட்டும். எந் தண்ணி, நான் என்னமும் செய்வேன்."

வேலுசாமி எழுந்து நின்றுவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். ஞானராஜுக்கு முகம் கறுத்துவிட்டது. அக்காள் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் கத்தவில்லை. அவன் கணக்கை அப்படியே ஒத்துக்கொண்டு, அதிலேயே தன் பாதியைக் கேட்கிறாள். எங்கே பிடித்து மறுப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கையிலிருந்த மண்வெட்டியை வாய்க்கால் கரையில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவன் அவளோடு உட்காரவில்லை. அவன் மனைவி ரத்தினம் இருவருக்கும் தனித்தனியாகப் பரிமாறினாள். யார் பக்கமும் பேசாமல் சமாளித்தாள், கெட்டிக்காரி. தேவகிருபை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். இந்த வீட்டில் அவள் சாப்பிடும் கடைசிச் சாப்பாடு இதுவாகவே இருக்கலாம்.

சாயங்காலம் எஞ்சின் ஓடும் நேரம் வந்தது. தேவகிருபை வாசலில் நின்று கிணற்றுப் பக்கம் காது கொடுத்தாள். வேலுசாமியும் கருத்தம்மாளும் கமலைக் கல்லருகே நின்றிருந்தார்கள். ஞானராஜ் எஞ்சின் கொட்டகைக்குள் போனான். உள்ளேயே வெகுநேரம் இருந்தான். பிறகு எஞ்சினைச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வேலுசாமியைப் பார்க்காமலே, "காலையிலயே ஒரு மணி நேரம் ஓட்டியாச்சு அண்ணாச்சி. எம் பங்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். மத்தியானம் முழுக்க ஊறியிருந்த தண்ணீரில் சால் இறங்கியது. மேலே வந்தபோது நிறைந்துதான் வந்தது. கருத்தம்மாள் மண்வெட்டியோடு பாத்திக்கு ஓடினாள். ஓடுகிறபோதே அழுதாள், யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சத்தமாக அழுதாள்.

மறுநாள் விடியற்காலையில் தரகன் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனான். தேவகிருபை பையை எடுத்துக்கொண்டு, ரத்தினத்திடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். பாதைத் திருப்பத்தில் ஞானராஜ் நின்றிருந்தான். கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். மேற்கே மலையின் மேல் மேகம் திரண்டிருந்தது. காற்று புழுதியை வாரிக் கண்ணில் போட்டது.

பாதித் தூரம் போன பிறகு அவன் திரும்பாமலே பேசினான்.

"வாழையில பாதிய வெட்டிர வேண்டியதுதான்."

"ஆமா."

"அப்பா செத்தப்பவே நீ கேட்டிருந்தா, நெலத்துலயே பாதி குடுத்திருப்பேன்."

இருவரும் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ரோடு தெரிந்தது. தூரத்தில் பஸ்ஸின் புகையும் தெரிந்தது.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றான் ஞானராஜ்.

"தெரியும்டா."

"இத்தன வருசமா நீ கேக்காம இருந்திருக்கன்னு, நான் ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்லக்கா."

அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். புழுதி என்றுதான் கேட்டால் சொல்லியிருப்பான். தேவகிருபைக்கும் கண் நிறைந்துவிட்டது. அவனைக் கையைப் பிடித்து நிறுத்தி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வதென்று தேடுவதற்குள் பஸ் வந்து நின்றது. ஞானராஜ் அவளை முதலில் ஏற்றிவிட்டு, பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.